உள்ளங்கை அகலம்

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை, அதற்குமேல் வேண்டாம் என்று கை தானாகவே நின்றுவிடுகிறது, காரின் முன்கண்ணாடி முழுவதும் ஐஸ் வெள்ளையாய் இறுகிக் கிடக்க என் முகத்துக்கு நேரே மட்டும் ஒரு கறுத்த வட்டம், அதற்குள் ஸ்டியரிங்கின் மேல்விளிம்பு தெரிகிறது, சீட்டில் கிடக்கும் பழைய துவாய் தெரிகிறது, போதும், ஒரு கண்ணுக்கு வழி கிடைத்தால் மற்றக் கண் தானே பின்னால் வரும், சுரண்டியைப் பின்சீட்டில் எறிந்துவிட்டு ஏறினால் போய்விடலாம், ஆனால் மகன் துவாரகன் சொன்னது காதிலேயே கிடக்கிறது, அப்பா, முழுக்கண்ணாடியையும் சுரண்டிப்போட்டு எடுங்கோ, பொலிஸ் கண்டா டிக்கெட்தான், இது வன்னியில்லை. வன்னியைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும், சண்டை இறுகுவதற்கு முன்பே கனடாவுக்கு வந்து சேர்ந்தவன், என்றுதான் எனக்குக் கோபம் வந்தது, அவன் சொன்னது சரி என்பது அதைவிடப் பெரிய கோபம். விடிய விடிய மழை, விழுந்த இடத்திலேயே இறுகிப்போகும் கோதாரி மழை, ஸ்கார்பரோவில் இந்தத் தெருவின் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு சுள்ளிக்கும் தனித்தனியாகக் கண்ணாடி உறை போட்டு நிற்கிறது, காற்று அசைத்தால் வளையல் உரசும் சத்தம். ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும், மலருக்கு மறதி பார்க்கும் டொக்டர், இந்தத் திகதியை விட்டால் இனிக் கோடைக்குத்தான் தருவார்கள், எட்டேகால் ஆகிவிட்டது, என் விரல்கள் கையுறைக்குள் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை.

கதவு திறக்கிறது, தவமலர் வெளியே வருகிறாள், என் மனைவி, அறுபது வயது, குளிர்ச்சட்டையின் பொத்தான்களை ஒன்று தள்ளிப் பூட்டியிருக்கிறாள், படியில் வழுக்காமலிருக்க நான் தூவிவிட்ட உப்பின் மேல் மெல்ல மெல்லக் கால் வைத்து இறங்கி வந்து, காரின் இடப்பக்கக் கதவுக்கு முன்னால் போய் நிற்கிறாள், அது சாரதி ஏறும் கதவு, அங்கே நின்றுகொண்டு நான் திறந்துவிடுவேன் என்று காத்திருக்கிறாள். ஊரில் அவளுக்கு அதுதான் பக்கம், அங்கே ஓட்டுகிறவன் வலப்பக்கம், இவள் இடப்பக்கம், கலியாணம் முடித்த நாளிலிருந்து என் இடத்தோளுக்குப் பக்கத்திலேயே இருந்து வந்தவள், நாடு மாறியதும் பக்கமும் மாறிப்போனது, முதல் குளிர்காலத்தில் எத்தனையோ தடவை இப்படி வந்து நின்றிருக்கிறாள், பிறகு தலையில் தட்டிக்கொண்டு சிரித்துச் சுற்றிப்போய் ஏறுவாள், தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நான் பகிடி பண்ணுவேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் பிழைவிடவில்லை, போன ஆவணியில்தான் மறுபடியும் வந்து நின்றாள், அன்றைக்குத் தலையில் தட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை, இவள் என்னை இங்கே விட்டுவிட்டுத் திரும்பிப் போகத் தொடங்கிவிட்டாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இஞ்சாரும் மலர், மற்றப் பக்கம், என்கிறேன். அவள் அசையவில்லை, கண்ணாடியில் நான் சுரண்டிய ஓட்டையைப் பார்க்கிறாள், விரலால் அதன் விளிம்பைத் தொட்டுப் பார்க்கிறாள், இவ்வளவு காணும், என்கிறாள், கூடத் துடைச்சா மேலயிருந்து தெரியும். அது அவள் வன்னியில் சொல்லும் சொல்.

அங்கே பனி இல்லை, சேறு, கிளிநொச்சியில் சந்தைக்கு ஆள் ஏற்றிப் பிழைத்த வான் எனக்கு, வெள்ளை வான், வெயிலில் கண்ணாடி மினுங்கினால் வானத்திலிருந்து தெரியும், தெரிந்தால் குண்டு விழும், அதனால் ஊரைவிட்டுக் கிழக்கே கிழக்கே என்று எல்லோரும் இடம்பெயர்ந்துகொண்டிருந்த அந்த மாதங்களில் குளத்துக் களியையும் மாட்டுச்சாணியையும் குழைத்து வான் முழுக்கப் பூசியிருந்தோம், கூரையில் இலைகுழை கட்டியிருந்தோம், பூசுகிறவள் மலர்தான், வீட்டுக்கு நிலம் மெழுகுவாளே அதே கை, அதே வளைவு, முன்கண்ணாடியையும் விடாமல் மெழுகிவிட்டு, என்னைச் சீட்டில் இருக்கச் சொல்லி, நேரா பாருங்கோ, அசையாதேங்கோ, என்று என் கண் மட்டத்துக்குத் தன் உள்ளங்கையை வைத்து அளந்து, அந்த அகலத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். அந்த ஓட்டைக்குள்ளால் நான் பார்த்த உலகம் மிகச் சின்னது, முன்னால் போகும் உழவு இயந்திரத்தின் பின்பலகை, அதில் தொங்கும் ஒரு தேத்தண்ணிக் கேத்தில், யாரோ ஒருவரின் கால்கள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் மலர், தன் பக்கத்துக் கதவுக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே விட்டுச் சொல்லிக்கொண்டே வருவாள், இடப்பக்கம் குண்டு விழுந்த கிடங்கு, இடப்பக்கம் சைக்கிள் நிக்குது, இடப்பக்கம் ஆளில்லை, போங்கோ, புழுதியில் அவளுடைய புருவமும் கண்ணிமையும் செம்மண்ணாய் இருக்கும், எட்டு மாதம் நான் அவளுடைய கண்ணால்தான் ஓடினேன், ஒருநாளும் பிழையாகச் சொன்னதில்லை, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்க வேண்டியிருக்கிறது, ஒருநாளும் அவள் பிழையாகச் சொன்னதில்லை.

தை மாதக் கடைசி, விசுவமடுவைத் தாண்டிவிட்டோம், வானுக்குள் பதினொரு பேர், பக்கத்து வளவுக்காரர் இரண்டு குடும்பம், ஒரு கிழவருக்குக் காலில் காயம், அவர் அரற்றிக்கொண்டே வந்தார், பின்னால் செல் குண்டு விழத் தொடங்கியது, ஒன்று, பிறகு ஒன்று, ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கிட்ட, கிட்டவாக வருகிறது என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள், நான் மிதித்தேன், ஓட்டைக்குள்ளால் வெறும் புழுதிதான் தெரிந்தது, அப்போது மலர் சொன்னாள், நில்லுங்கோ, ஆள். நான் நிற்கவில்லை. கேட்டது, தெளிவாகக் கேட்டது, இந்த ஒன்றில் மட்டும் நான் எனக்குப் பொய் சொல்லிக்கொண்டதில்லை, கேட்டும் மிதித்தேன், இடப்பக்கச் சில்லுக்குக் கீழே ஒரு குலுக்கல், பெரிதாய் இல்லை, மெத்தென்று, வான் ஒருதரம் உயர்ந்து தாழ்ந்தது, அவ்வளவுதான். என்ன மலர் அது, என்று கேட்டேன், அவள் தலையை வெளியே விட்டுப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள், நெடுநேரம் பார்த்தாள், பிறகு உள்ளே இழுத்து, சீலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்தாள், சாக்கு, என்றாள், ஆரோ போட்டிட்டுப் போன அரிசிச் சாக்கு. நீர் ஆள் எண்டல்லோ சொன்னீர், என்றேன். பிழையாக் கண்டிட்டன், நீங்கள் ஓடுங்கோ, என்றாள். நான் ஓடினேன்.

அந்த நாட்களில் ரோட்டில் சாக்கு கிடப்பது அதிசயமில்லை, அம்மி கிடந்தது, தையல் மெசின் கிடந்தது, சுமக்க முடியாததையெல்லாம் சனம் போட்டுவிட்டுப் போனது, எனவே அரிசிச் சாக்கும் கிடக்கலாம் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன், சண்டை முடிந்து முகாமில் முள்ளுக்கம்பிக்குள் கிடந்தபோது சொல்லிக்கொண்டேன், துவாரகன் எங்களைக் கூப்பிட்டு இங்கே வந்து இறங்கியபோதும் சொல்லிக்கொண்டேன், ஆனால் அரிசி ஒரு கொத்து என்ன விலை விற்ற காலம் அது, அரிசிச் சாக்கை எந்த மடையன் ரோட்டில் போடுவான் என்று உள்ளுக்குள் ஒருவன் கேட்டுக்கொண்டேயிருப்பான், அவனை நான் வாயைத் திறக்கவிடுவதில்லை. இங்கே வந்த முதல் தையில் காரின் கண்ணாடி உறைந்துகிடக்கக் கேத்தில் நிறையக் கொதிதண்ணி கொண்டுபோய் ஊற்றினேன், கண்ணாடி மூலைக்கு மூலை வெடித்துப்போனது, துவாரகன் தலையில் கை வைத்தான், மலர் விழுந்து விழுந்து சிரித்தாள், அந்த வாரம்தான் அவள் தகப்பனுக்கும் என் தகப்பனுக்கும் சேர்த்துப் படையல் வைத்தாள், இரண்டு இலை போட வேண்டிய இடத்தில் மூன்று இலை, மூன்றாவது இலைக்குப் பக்கத்தில் புதிதாய் ஒரு நீலச் சீலை மடித்து வைத்திருந்தாள். அது ஆருக்கு, என்று கேட்டேன். பேர் தெரியாத ஆக்களுக்கும் பசிக்கும்தானே, என்றாள். வருடா வருடம் தைக் கடைசியில் மூன்று இலை, வருடா வருடம் நீலச் சீலை, படையல் முடிந்ததும் அதைக் கோயிலில் யாராவது ஒரு மனுசிக்குக் கொடுத்துவிடுவாள், ஏன் நீலம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், வாயில் வந்தும் இருக்கிறது, ஆனால் அவள் சாக்கு என்று சொல்வாளோ என்பதைவிடச் சாக்கு இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். இப்போது அவள் அடுப்பை அணைக்க மறக்கிறாள், பேரப்பிள்ளையின் பெயரை மறந்து தம்பி என்கிறாள், அந்தச் செம்மண் ரோட்டில் என் வானுக்குக் கீழே கிடந்தது என்ன என்று இந்த உலகத்தில் தெரிந்தவள் இவள் ஒருத்திதான், அதுவும் ஒருநாள் போய்விடும், போய்விட்டால் சாகும்வரை எனக்குத் தெரியப்போவதில்லை. அவளுடைய மறதிக்காக அழுகிறேன், அதே நேரம் அவளுடைய காவல் எப்போது தளரும், வாய் எப்போது தவறும் என்று பூனை மாதிரிப் பார்த்துக்கொண்டும் இருக்கிறேன், என்ன மனுசன் நான்.

கையைப் பிடித்துச் சுற்றிக் கூட்டிவந்து வலப்பக்கம் ஏற்றி பெல்ட்டைப் போட்டுவிட்டேன், எட்டு முப்பத்தைந்து, மிச்சக் கண்ணாடியைச் சுரண்ட நேரமில்லை, ஹீட்டர் போகப்போக உருக்கிவிடும் என்று காரை எடுத்தேன், கேட்பவர்கள் சிரிப்பார்கள், எல்லோரும் ஒன்பது மணிக்குப் பிந்துகிறது என்றுதான் இதைச் செய்வார்கள், நானோ நேரம் இருந்த நாட்களிலும் இந்த அகலத்துக்குமேல் சுரண்டியதில்லை, முழுக்கண்ணாடியும் தெளிவாக இருந்தால் ஏதோ சட்டையில்லாமல் ரோட்டில் நிற்பது மாதிரி எனக்குக் கழுத்துக் கூசும். ஓட்டைக்குள்ளால் தெரு தெரிகிறது, முன்னால் போகும் பஸ்ஸின் பின்பக்கம், அதில் தொங்கும் கேத்தில், இல்லை, கேத்தில் இல்லை, பஸ்ஸின் அடியில் இறுகிப்போன பனிக்கட்டி, பஸ் அடுத்த சந்தியில் திரும்பிவிட்டது, ரோட்டில் யாரும் இல்லை, வெளியே வெள்ளை, புழுதி இப்படித்தான் வெள்ளையாய்த் தெரியும், உச்சி வெயிலில். மலர் கதவிலிருந்த பொத்தானை அமத்துகிறாள், உறைந்து பிடித்துப்போயிருந்த கண்ணாடி முறுகிக் கீழே இறங்குகிறது, குளிர்க்காற்று கத்தியாய் உள்ளே வருகிறது, பூட்டும் மலர், சளி பிடிக்கும், என்கிறேன், அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுத் தலையை வெளியே விடுகிறாள். இடப்பக்கம் ஆளில்லை, போங்கோ, என்கிறாள், வலப்பக்கம் இருந்துகொண்டு. நான் போகிறேன். இடப்பக்கம் கிடங்கு. நான் ஸ்டியரிங்கை ஒடிக்கிறேன், உண்மையிலேயே ஒடித்தேன், இல்லாத கிடங்குக்கு, பின்னால் பதினொரு பேர் மூச்சுவிடும் சத்தம் கேட்கிறது, கிழவர் அரற்றுகிறார், இல்லை, அது ஹீட்டர், எனக்கு நாற்பத்தாறு வயது, எனக்கு அறுபத்திரண்டு வயது, அவளுடைய தலைமயிர் காற்றில் அடித்து என் கன்னத்தில் படுகிறது, அப்போது அவள் சொல்கிறாள், அதே குரலில், ஒரு சொல்லும் கூடாமல் குறையாமல், நில்லுங்கோ, ஆள்.

மிதித்தேன். இந்த முறை பிரேக்கை. ஐஸில் சில்லு பிடிக்கவில்லை, கார் தன்பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது, முருகா, என்று வாய் சொன்னது, முன்னால் வலப்பக்கத்தில் ஒரு குலுக்கல், பெரிதாய் இல்லை, மெத்தென்று, கார் நின்றது. ஓட்டைக்குள்ளால் வெறும் ரோடுதான் தெரிகிறது, அவளுடைய பக்கம் முழுக்க வெள்ளை, அந்த வெள்ளைக்கு அப்பால் என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது, இந்தத் தெருவில் பள்ளிக்கூடம் இருக்கிறது, எட்டே முக்காலுக்குப் பிள்ளைகள் கடப்பார்கள், முழுதாய்ச் சுரண்ட ஐந்து நிமிசம் எடுத்திருக்கும், ஐந்தே ஐந்து நிமிசம். கதவைத் திறக்கக் கை போகவில்லை, அன்றைக்கும் இறங்கவில்லை, பதினாறு வருடமாய் நான் அந்த வானிலிருந்து இறங்கவேயில்லை, நீலம், என்கிறாள் மலர், வெளியே எட்டிப் பார்த்தபடி, நீலச் சீலை. நான் இறங்கினேன், காரைப் பிடித்துப் பிடித்து வழுக்கிக்கொண்டு முன்னால் போனேன், குனிந்து பார்ப்பதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உப்பு மூட்டை. படியிலும் பாதையிலும் தூவுகிற உப்பு, இருபது கிலோ, நீலப் பிளாஸ்டிக் பை, யாருடைய வண்டியிலிருந்தோ விழுந்திருக்கிறது, ஒரு மூலை கிழிந்து உப்பு கொட்டிக் கிடந்தது, அதைச் சுற்றி மட்டும் ஐஸ் உருகி ரோடு கறுப்பாய்த் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது, முழங்காலில் இருந்துவிட்டேன், பின்னால் ஒரு கார் வந்து நின்று ஹோர்ன் அடித்தது, அடித்தால் அடிக்கட்டும், அதை ரோட்டில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை, இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினேன், இடுப்புப் பிடித்தது, மார்போடு அணைத்து, வழுக்காமல் அடி வைத்து, ஓரத்துக்குக் கொண்டுபோய் ஒரு மரத்தடியில் மெதுவாய்க் கிடத்தினேன், கிழிந்த மூலையை மேலே பார்க்கத் திருப்பிவிட்டேன், ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மலர் கதவு வழியாகத் தலையை வெளியே விட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள், புருவத்திலும் கண்ணிமையிலும் வெள்ளையாய்ப் பனித்தூள், முகம் வெளிறிப்போயிருந்தது, பயந்துவிட்டாள், அவளுடைய பயத்தைப் போக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் இல்லை, கிட்டப் போய்க் கன்னத்தைத் துடைத்துவிட்டேன், சாக்குத்தான் மலர், என்றேன், ஆளில்லை, ஆரோ போட்டிட்டுப் போன உப்புச் சாக்கு, நீர் பிழையாக் கண்டிட்டீர்.

அவள் என்னைப் பார்த்தாள், இந்த ஆறு மாதத்தில் அப்படி என்னை, என்னைத்தான் என்று தெரிந்து, பார்க்கவில்லை. நானும் உங்களுக்கு அப்பிடித்தான் சொன்னனான், என்றாள்.

பின்னால் நின்ற கார் எங்களைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது, அதன் சில்லுச் சத்தம் அடங்கும்வரை நான் கதவைப் பிடித்தபடி நின்றேன், ஆர் மலர் அவ, என்று கேட்டேன், பதினாறு வருடம் தொண்டையில் கிடந்த கேள்வி, வெளியே வரும்போது ஒரு பாரமும் இல்லாமல் வந்தது. தெரியாது, வானை மறிச்சவ, தன்னையும் ஏத்தச் சொல்லிக் கை காட்டினவ, என்றாள், நீலச் சீலை, கையில ஒரு பையும் இல்லை. பிறகு என் குளிர்ச்சட்டையின் கழுத்தைச் சரிசெய்துவிட்டாள், உங்களுக்குச் சொன்னா நீங்கள் ஓடமாட்டியள், பின்னால பதினொரு பேர், என்றாள், சொல்லிவிட்டு மரத்தடியைப் பார்த்தாள், அவவுக்கு இந்த வருசம் இலை போட்டாச்சோ, என்று கேட்டாள், இல்லை, இந்த வருடம் அவள் மறந்துவிட்டாள், நானும் மறந்ததுபோல இருந்துவிட்டேன், பின்னேரம் நான் போடுறன், என்றேன், சீலையும் வாங்கிக்கொண்டு வாறன். அவள் சரி என்று தலையாட்டினாள், குளிருது, என்றாள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

ஒன்பது மணி ஆகிவிட்டது, ஆஸ்பத்திரி போகட்டும், கோடை வரட்டும், நான் பின்சீட்டிலிருந்து சுரண்டியை எடுத்தேன், என் பக்கத்தை விட்டுவிட்டு அவளுடைய பக்கத்திலிருந்து தொடங்கினேன், ஐஸ் தகடு தகடாய்ப் பெயர்ந்து காலடியில் விழுந்தது, முதலில் அவளுடைய நெற்றி தெரிந்தது, பிறகு ஒரு கண், பிறகு மற்றது, புருவத்திலிருந்த வெள்ளை உருகி வடிந்துகொண்டிருந்தது, அவள் உள்ளேயிருந்து விரலால் காட்டினாள், அதில கிடக்கு, இதிலயும் கிடக்கு, குரல் கேட்கவில்லை, வாயசைவுதான். அவள் காட்டிய இடமெல்லாம் சுரண்டினேன், நடுவுக்கு வந்து என் பக்கத்துக்கும் வந்துவிட்டேன், நான் சுரண்டிய பழைய ஓட்டையின் விளிம்பு வந்தது, அப்போது அவள் எட்டி அதன் மேல் உள்ளேயிருந்து தன் உள்ளங்கையை வைத்தாள், அளவு பார்ப்பவள் போல, ரேகைகூடத் தெரிந்தது, இவ்வளவு காணும் என்றுதான் சொன்னாள் என்று நினைக்கிறேன். என் கை அந்த அகலத்தோடு நிற்கவில்லை, விளிம்பைத் தாண்டி, அந்தக் கையைச் சுற்றிச் சுற்றி, கண்ணாடியில் ஒரு துண்டு ஐஸும் இல்லாமல் போகும்வரை சுரண்டினேன், பிறகு ஏறி இருந்து பார்த்தபோது முழு ரோடும் தெரிந்தது, மரத்தடியில் நீலமாய் இருந்ததும் தெரிந்தது.